பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணம்

நம் செம்பாக்கத்திற்கு வடக்கே பரங்கிமலை, கிழக்கே பெரும்பாக்கம். புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் அம்மலைக்கு நாம் திருயாத்திரையாகச் செல்கிறோம். ஆனால் பாரத நாட்டையே அளந்த மாபெரும் பணிக்கு அம்மலையருகே அடிக்கோடு இடப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்கோட்டை இட்டவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கணிதமே அவருடைய செல்வம். 1781ஆம் ஆண்டு இராணுவத்தில் சேர்ந்து, வட அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியபின் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போர் முடிந்ததும், தென்னாட்டை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை அரசின்முன் வைத்தார்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், கோடை வெயிலில், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து, சுமார் ஏழரை மைல் அளந்தார். வெப்பத்தில் சங்கிலி நீளும். ஆகவே வெப்பமானி கொண்டு கணக்கிட்டார். நிலம் சாய்ந்திருந்தால் அச்சாய்வையும் கணக்கிட்டுக் கிடைத்தளத்தின் நீளமாக மாற்றினார்.

முக்கோணம் எதற்காக? ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும். செம்பாக்கத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வோம். அங்கிருந்து பரங்கிமலைக்கு ஒரு வெக்டர். பெரும்பாக்கத்திற்கு இன்னொரு வெக்டர். முதலாவதை ஓர் எண்ணாலும் அடுத்ததை மற்றோர் எண்ணாலும் பெருக்கிக் கூட்டினால் அத்தளத்தில் ஒரு புள்ளியை அடைவோம். இரு எண்களும் அரை என்றால், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் நட்டநடுவே நிற்போம். எண்களை மாற்றிக்கொண்டே போனால் தளத்தின் எந்தப் புள்ளியும் விடுபடாது. இரண்டு எண்களைப் பெற்று ஓர் இடத்தைத் தரும் இவ்விதியே வெக்டர் மதிப்புடைய சார்பு. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தாலோ, நமக்குக் கிடைப்பது கோடு மட்டுமே, தளம் கிடைக்காது.

லாம்டன் காலத்தில் வெக்டர் கணிதம் பிறக்கவில்லை. எனினும் ஒரு பக்கத்தையும் கோணங்களையும் கொண்டு மூன்றாம் புள்ளியைக் கண்டார். அங்கிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து மற்றொன்று எனத் தென்னாடெங்கும் சென்றார்.

ஆனால் பூமி தளமன்று, வளைந்தது. பெரிய முக்கோணங்களில் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைச் சற்றே மிஞ்சும். வளைபரப்பின் ஒரு புள்ளியில் இரு தொடுதிசைகளைக் கொண்டு அமைக்கும் தளத்தைத் தொடுதளம் என்பர். அது அப்புள்ளியருகே மட்டுமே பூமியோடு ஒத்துப்போகும். தொலைவு செல்லச் செல்ல விலகும். இச்சிறு வேறுபாட்டை லாம்டன் புறக்கணிக்கவில்லை. பூமியின் உண்மை வடிவை அறிவதே அவருடைய வேட்கை.

1808ஆம் ஆண்டு தஞ்சையில் பெரும் சோதனை வந்தது. கோணம் அளக்கும் தியோடலைட்டுக் கருவியின் எடை சுமார் அரை டன். பெரிய கோவிலின் உயரத்திற்கு அதை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராயிருந்தால் பணியையே கைவிட்டிருப்பார். அவரோ கூடாரத்திற்குள் அமர்ந்து, ஆறு வாரங்கள் பாடுபட்டு, நெளிந்த வட்டத்தைத் தம் கைகளாலேயே சீராக்கினார். பின் மீண்டும் அளக்கச் சென்றார்.

1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணியின் நடுவிலேயே அவர் உயிர் நீத்தார். பணி நிற்கவில்லை. அவர் வழியில் தொடர்ந்த அளவைகளைக் கொண்டே, உலகின் மிக உயர்ந்த சிகரம் எதுவென வங்காளக் கணித மேதை ராதாநாத் சிக்தார் பின்னாளில் கணக்கிட்டார்.

சங்கிலி சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் ஆகியோர் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்களையும் நன்றியோடு நினைப்போம். கணக்கு நோட்டில் மூன்று புள்ளிகளை வைத்துத் தளம் அமைக்கும்போது, பரங்கிமலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். சிறு பிழையையும் பொறுக்காத நேர்மையும், உடைந்ததைச் செம்மையாக்கும் பொறுமையும் நமக்கும் வாய்க்கட்டும்!