தீயின் வாயிலில்

நுழையும்முன்

எரியும் கட்டடத்தின் வாயிலில் நிற்கும் தீயணைப்புப் படைத்தலைவர் சில மணித்துளிகளுக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். வீரர்களை உள்ளே அனுப்புவதா, உள்ளே இருப்பவர்களையும் வெளியே அழைப்பதா என்பதே அம்முடிவு. இரண்டிலும் உயிர்கள் அடங்கியுள்ளன. அதனைத் துணிச்சலிடம் மட்டும் விட்டுவிடாமல் அறிவின் துணைகொண்டு எடுக்கக் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓடிச் செல்லும் கால்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வேளாண் ஊர் கூமாப்பட்டி. அறுவடைக்குப் பின் அங்கு வைக்கோற்போர் ஒன்றில் தீப்பற்றினால், அழையாமலே ஊரார் குடங்களுடன் ஓடி வருவர். திறந்தவெளியில் அந்த ஓட்டமே ஊரைக் காக்கும். ஆனால், அதே வட்டாரத்தில் இராசபாளையத்தின் பஞ்சுக் கிடங்குகளும் சிவகாசியின் பட்டாசு ஆலைகளும் உள்ளன. அங்கே ஓடிச் செல்லும் கால்கள் ஒருகணம் நின்றாக வேண்டும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று தீப்பற்றியது. உதவவும் பார்க்கவும் விரைந்து வந்த மக்களுள் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். அன்று 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வந்தவர்களின் நெஞ்சில் ஈரம் இருந்தது. எவ்வளவு நெருங்கலாம் என்று சொல்வாரில்லை.

எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்னும் இவ்வினாவுக்கு விடைதேடுவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

இளமையும் பொறுப்பும்

பிரெய்ட்வுட் 1800ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். பள்ளிக் கல்விக்குப் பின் தந்தையாரிடம் கட்டுமானத் தொழிலைப் பயின்றார். சுவர் எவ்வாறு நிற்கிறது, உத்தரம் எவ்வளவு தாங்கும், தளம் எப்போது சரியும் என்பவற்றை அவர் இளமையிலேயே அறிந்தார். பிற்காலத்தில் அவருக்குத் தீயைப் பற்றிய அறிவைப் போலவே கட்டடத்தைப் பற்றிய இவ்வறிவும் கைகொடுத்தது.

1824ஆம் ஆண்டு எடின்பரோ நகரம் தனக்கென ஒரு தீயணைப்புப் படையை அமைத்து, 24 வயதே நிரம்பிய அவரை அதன் தலைவராக்கியது. பொறுப்பேற்ற சில வாரங்களில், நவம்பர் மாதத்தில், நகரின் பழைய பகுதியில் பெருந்தீ மூண்டு நாள்கணக்கில் எரிந்தது. படைக்கோ பயிற்சி இல்லை. அங்கு வந்த நகரப் பெரியோர்கள் ஆளுக்கொரு கட்டளை இட்டனர். எரியும் இடத்தில் கட்டளையிடும் வாய் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அத்தீ கற்பித்தது. அதன்பின் தீக்களத்தில் முழு அதிகாரமும் படைத்தலைவரிடமே விடப்பட்டது.

உள்ளே செல்லும் முறை

அக்காலத்தில் தெருவில் நின்றபடியே சன்னல்களை நோக்கி நீரைப் பீய்ச்சுவதே வழக்கம். அந்நீரில் பெரும்பகுதி சுவரிலும் புகையிலும் வீணாயிற்று. எரியும் பொருளைச் சென்று சேரவில்லை. இதனைக் கண்ட பிரெய்ட்வுட், தீ எங்கே வேர்கொண்டுள்ளதோ அங்கே நீர் விழவேண்டும் என்றார். அதற்கு நீர்க்குழாயுடன் கட்டடத்துக்குள் நுழைந்தே ஆகவேண்டும்.

நுழைவதற்கு ஏற்றவர்களை அவர் தேர்ந்தெடுத்தார். கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கொல்லர் முதலானோர் அவர் படையில் இடம்பெற்றனர். உயரமும் குறுகிய உத்தரமும் அவர்களுக்குப் பழகியவை. விடியற்காலை 4 மணிக்கு, தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும் வேளையில், அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. புகை மேலெழும், தூய காற்று தரையை ஒட்டியே நிற்கும். ஆகவே, புகைசூழ்ந்த அறையில் தவழ்ந்து செல்லவேண்டும் என்று அவர் கற்பித்தார். ஒருவரும் தனியே நுழையலாகாது. மயங்கி விழுந்தவரை மீட்க உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த விதியாகும்.

விதிகளை வகுத்தவர் தாமும் பின்வாங்கவில்லை. ஒருமுறை இரும்புப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் தீப்பற்றியபோது, உள்ளே வெடிமருந்துக் கலங்கள் இருப்பதை அறிந்து, தாமே நுழைந்து அவற்றை வெளியே எடுத்து வந்தார். தீ அக்கலங்களை எட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் தப்பியிருக்க இயலாது. அந்த ஆபத்தைத் தாமே ஏற்கத்தக்கது என்று அவர் கணித்தார். 1830ஆம் ஆண்டு தம் பட்டறிவைத் திரட்டித் தீயணைப்பு இயந்திரங்களைப் பற்றியும் வீரர் பயிற்சியைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

இலண்டன் மாநகரில்

1833ஆம் ஆண்டு இலண்டனின் காப்பீட்டு நிறுவனங்கள் பல ஒன்றுகூடித் தம் தனித்தனிப் படைகளை இணைத்தன. 80 வீரர்களைக் கொண்ட அப்படைக்குப் பிரெய்ட்வுட் தலைமையேற்றார். இலண்டனில் அவர் கடற்பணி புரிந்தோரை விரும்பிச் சேர்த்தார். கயிற்றில் ஏறவும், இரவும் பகலும் விழித்திருக்கவும், கட்டளைக்கு உடனே பணியவும் பழகியவர்கள் அவர்கள்.

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் இரவில் இங்கிலாந்தின் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. அவைக்கூடங்கள் கைமீறிப் போயின. அருகில் இருந்த பழம்பெரும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை மட்டுமேனும் காப்பது என்று முடிவாயிற்று. பிரெய்ட்வுட்டின் வீரர்களும் பிறரும் அங்கே ஆற்றலைக் குவித்தனர், மண்டபம் பிழைத்தது. இழந்ததை இழந்ததென்று ஏற்றபின்னரே எஞ்சியதைக் காக்க முடியும் என்பதற்கு அவ்விரவு சான்றாக நின்றது.

நுழையாதே என்னும் விதி

அந்நாளில் இலண்டனில் பெரிய கிடங்குகள் எழுந்தன. வார்ப்பிரும்புத் தூண்களும் உத்தரங்களும் கொண்ட அவற்றைத் தீப்பற்றாக் கட்டடங்கள் என்றே பலரும் நம்பினர். பிரெய்ட்வுட் அவ்வாறு நம்பவில்லை. இரும்பு எரியாது, ஆயினும் உள்ளிருக்கும் சரக்கு எரியும். அவ்வெப்பத்தில் காய்ந்த வார்ப்பிரும்பின்மீது நீர் பட்டால் அது வெடித்து முறியும். தடித்த மரத்தூணோ மெல்லக் கருகும்; முறியும் முன் ஓசையெழுப்பி எச்சரிக்கும். இரும்புத்தூண் எச்சரிக்காது. இவற்றை அவர் பொறியாளர்கள் முன்னிலையிலும் எடுத்துரைத்தார். இரும்பு தாங்கும் கிடங்குகளில் தீ நன்கு பரவிவிட்டால் தம் வீரர்கள் உள்ளே செல்லலாகாது என்றும் விதித்தார்.

நுழையக் கற்பித்தவரே நுழைவதைத் தடுத்தது முரண்போலத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். உள்ளே காக்கத்தக்க உயிர் உண்டா? தீ எத்தனை நேரமாக எரிகிறது? கட்டடத்தைத் தாங்குவது எது? திரும்பி வர வழி உண்டா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே கால்களை முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும். உயிரைக் காக்கப் பெரும் ஆபத்தை ஏற்கலாம். சரக்கைக் காக்கச் சிறிதளவே ஏற்கலாம். ஏற்கெனவே அழிந்துபோனதற்காக எந்த ஆபத்தையும் ஏற்றல் ஆகாது.

டூலி தெரு

1861ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், சனிக்கிழமை மாலை. தேம்ஸ் ஆற்றங்கரையில் டூலி தெருவை ஒட்டிய கிடங்கு ஒன்றில் தீ மூண்டது. பருத்தி, சணல், கொழுப்பு, வெடியுப்பு, நறுமணப் பொருள்கள் ஆகியன அங்குக் குவிந்திருந்தன. அறைக்கு அறை தீயைத் தடுப்பதற்கென்று பொருத்தப்பட்ட இரும்புக் கதவுகள் மூடப்படாமல் இருந்தன. ஆகவே, தீ தங்குதடையின்றிப் பரவியது.

பிரெய்ட்வுட் களைத்துப்போன தம் வீரர்களிடையே சென்று அவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். அப்போது கிடங்கின் உயர்ந்த சுவர் திடீரெனச் சரிந்து அவர்மீது விழுந்தது. அவர் அக்கணமே உயிர்துறந்தார். வெப்பமும் இடிபாடும் தணிந்து அவர் உடலை மீட்க இரண்டு நாள்கள் ஆயின. தீ முற்றிலும் அடங்க இரண்டு வாரங்கள் ஆயின. அவருடைய இறுதி ஊர்வலத்தைக் காண இலண்டன் மக்கள் தெருக்களில் திரண்டனர்.

கட்டடத்துக்குள் செல்வதன் ஆபத்தை நன்கறிந்த அவர், கட்டடத்துக்கு வெளியே மாண்டார். அவர் மறைவு தீயணைப்புத்துறைக்கு மற்றொரு பாடத்தை விட்டுச்சென்றது: விலகி நிற்பதற்கும் அளவு உண்டு. சரியக்கூடிய சுவரிலிருந்து அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவு விலகி நிற்பதை இன்றைய தீயணைப்புத்துறையினர் பொதுவிதியாகக் கொள்கின்றனர்.

அவருக்குப் பின்

டூலி தெரு இழப்பைத் தாங்க இயலாத காப்பீட்டு நிறுவனங்கள் தீயணைப்புப் பணியை அரசே ஏற்க வேண்டும் என்றன. 1865ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் இலண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை பிறந்தது.

நம் நாட்டிலும் இவ்வினா உயிர்விலை கேட்டதுண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிபொருளும் ஏற்றிய ‘போர்ட் ஸ்டிக்கின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. கப்பலை மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்று உரியவர்கள் முடிவெடுக்காமல் இருந்த வேளையில், வீரர்கள் நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தனர். கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் உயிர்நீத்தனர். அந்நாளையே நாடு தீயணைப்போர் நினைவுநாளாகப் போற்றுகிறது. மாறாக, 2017ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் பல மாடி வணிகக் கட்டடம் எரிந்தபோது, வீரர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே போராடினர். மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

உள்ளே சென்று உயிரை மீட்ட வீரரை ஊர் கொண்டாடுகிறது. உரிய நேரத்தில் தம் வீரர்களை வெளியே அழைத்த தலைவரை யாரும் கொண்டாடுவதில்லை. சரக்கை எரிய விட்டார் என்னும் பழியும் அவரைச் சேரக்கூடும். எனினும், அன்றிரவு அவ்வீரர்கள் வீடு திரும்புகின்றனர். நுழையும் துணிவோடு விலகும் தெளிவையும் வீரத்தின் கூறாக ஆக்கியதே பிரெய்ட்வுட்டின் வாழ்வு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கட்டடத்தில் தீப்பற்றினால் வெளியேறும் வழிகளை வரைபடமாக வரைந்து வகுப்பறையில் ஒட்டுக.

2. அருகில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்குச் சென்று, எரியும் கட்டடத்துக்குள் நுழையும்முன் வீரர்கள் ஆராய்வன எவை எனக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.