அப்பா போட்ட சட்டம்... மகளுக்கே தண்டனை! யார் இந்த ஜூலியா?

ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் தந்தவர் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். அவருக்குப் பிறந்தது ஒரே குழந்தை, ஜூலியா. கி.மு. 39-ல் ஜூலியா பிறந்த அன்றே, அம்மா ஸ்க்ரிபோனியாவை அகஸ்டஸ் விவாகரத்து செய்துவிட்டார். அடுத்து அவர் கைப்பிடித்த லிவியா, அப்போது முதல் கணவரின் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

இப்படியெல்லாமா நடக்கும்? அன்றைய ரோமில் நடந்தது. விவாகரத்துக்கு கோர்ட், வக்கீல் எதுவும் தேவையில்லை. கணவனோ மனைவியோ வேண்டாம் என்று சொல்லியனுப்பினால் போதும், கதை முடிந்தது. பெரிய குடும்பங்களில் கல்யாணம் என்பதே நம்மூர் தேர்தல் கூட்டணி மாதிரிதான்.

ஜூலியாவுக்கு 2 வயதிலேயே மார்க் ஆண்டனியின் மகனோடு நிச்சயம் நடந்தது. அரசியல் கசந்ததும் அது முறிந்தது. பின்னாளில் அந்தப் பையனைக் கொல்ல வைத்ததும் இதே அப்பாதான். 14 வயதில் அத்தை மகன் மார்செல்லஸுடன் கல்யாணம். 2 வருடத்தில் அவர் இறந்துபோனார்.

அடுத்த மாப்பிள்ளை அக்ரிப்பா. அப்பாவின் தளபதி, கிட்டத்தட்ட அப்பாவின் வயசு. ஜூலியாவைக் கட்டிக்கொள்ள அவர் தன் மனைவியை விவாகரத்து செய்தார். அந்த மனைவி வேறு யாருமில்லை, மார்செல்லஸின் சகோதரி! இந்தத் திருமணத்தில் 5 பிள்ளைகள். கடைசிக் குழந்தை வயிற்றில் இருந்தபோதே, கி.மு. 12-ல் அக்ரிப்பாவும் காலமானார்.

மூன்றாவதாக லிவியாவின் மகன் டைபீரியஸ். அவரோ அக்ரிப்பாவின் மகள் விப்சானியாவோடு சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருந்தவர். கர்ப்பமாக இருந்த விப்சானியாவைக் கட்டாயப்படுத்தி விவாகரத்து செய்ய வைத்தார்கள். பிறகு ஒருநாள் தெருவில் அவரைப் பார்த்த டைபீரியஸ், கண் கலங்க பின்னாலேயே போனாராம். அதன்பின் இருவரும் எதிரெதிரே வராதபடி பார்த்துக்கொண்டார்கள். இப்படித் தொடங்கிய கல்யாணம் எப்படி நிலைக்கும்? கி.மு. 6-ல் டைபீரியஸ் ரோட்ஸ் தீவுக்கே கிளம்பிவிட்டார்.

இதற்கிடையே கி.மு. 18-ல் அகஸ்டஸ் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். மனைவி வேறொருவரோடு உறவு வைத்தால், அது இனி வீட்டு விவகாரம் அல்ல, அரசாங்கக் குற்றம். தண்டனை, தீவுக்கு நாடுகடத்தல். ஆனால் திருமணமான ஆண் அடிமைப் பெண்ணோடு பழகினால் குற்றமில்லை. அகஸ்டஸின் சொந்த வாழ்க்கையும் சுத்தமாக இல்லை என்றே பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

கி.மு. 2-ல் செனட் அவருக்கு தேசத்தின் தந்தை என்று பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு, ஜூலியாவுக்குப் பல ஆண்களோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டை செனட்டில் கடிதமாக வாசிக்க வைத்தார் அகஸ்டஸ். நேரில் அவர் போகவில்லை. டைபீரியஸ் பெயரில் விவாகரத்துக் கடிதத்தையும் அவரே அனுப்பினார். சிக்கியவர்களில் ஒருவர் மார்க் ஆண்டனியின் இன்னொரு மகன் யூலஸ்; அவர் உயிரிழந்தார். அதனால், இது வெறும் காதல் விவகாரமா, ஆட்சிக்கு எதிரான சதியா என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை.

பண்டதேரியா என்ற குட்டித் தீவுக்கு ஜூலியா அனுப்பப்பட்டார். இன்றைய இத்தாலியின் வென்டோட்டேனே அதுதான். ஒயின் கூடாது, அனுமதியின்றி எந்த ஆணும் பார்க்கக் கூடாது. பிறந்த அன்றே அப்பாவால் கைவிடப்பட்ட அம்மா ஸ்க்ரிபோனியா, யாரும் சொல்லாமலேயே மகளோடு கிளம்பினார். 5 ஆண்டுகள் கழித்து ரெஜியம் நகருக்கு மாற்றினார்கள். ரோம் மக்கள் எவ்வளவோ கெஞ்சியும் அகஸ்டஸ் மகளைத் திரும்ப அழைக்கவில்லை. தன் கல்லறையில் மகளுக்கு இடமில்லை என்றும் எழுதிவைத்தார்.

கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்து டைபீரியஸ் பேரரசரானார். ஜூலியாவுக்கு வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தினார். அதே ஆண்டு பட்டினியில் ஜூலியா இறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, ஜூலியாவின் மகள் அக்ரிப்பினாவையும் டைபீரியஸ் அதே பண்டதேரியாவுக்குத்தான் அனுப்பினார்.