முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவரும் சமூக சீர்திருத்தவாதியும் ஆவார். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தை நிறுவியவர்.

பிறப்பும் இளமையும்

அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் (இன்றைய புதுக்கோட்டை மாவட்டம்) பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டதால், வீட்டிலேயே பயின்று 1902 ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார்.

மருத்துவக் கல்வி

சென்னை மருத்துவக் கல்லூரி 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அங்கு செல்வதற்கு முன் இண்டர்மீடியட் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது. முத்துலட்சுமி ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அவருடைய பிறப்பும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி அனுமதி வழங்கினார்.

1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தங்கை புற்றுநோயால் இறந்தது அவரை மிகவும் பாதித்தது. 1925 ஆம் ஆண்டு இலண்டன் சென்று, பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றதுடன் புற்றுநோய் சிகிச்சை முறைகளையும் அறிந்து வந்தார்.

பொதுப்பணி

1927 ஆம் ஆண்டு சென்னை மாகாண சட்ட மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடினார். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930 ஆம் ஆண்டு பதவி விலகினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947 ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம், அவர்களுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தது.

புற்றுநோய் நிலையம்

நிதி திரட்டி அவர் உருவாக்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு 1952 ஆம் ஆண்டு சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு அது 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. 1956 ஆம் ஆண்டு முத்துலட்சுமிக்கு பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது.

அவர் மறைவுக்குப் பின், 1984 ஆம் ஆண்டு அந்நிலையத்தில் அவர் பெயரால் புற்றுநோயியல் கல்லூரி நிறுவப்பட்டது. ஒருகாலத்தில் கல்லூரியில் இடம் பெறவே போராடிய அவருடைய பெயர் தாங்கிய கல்லூரியில், ஆண்களும் பெண்களும் புற்றுநோய் மருத்துவத்தில் உயர்பயிற்சி பெறுகின்றனர். அவர் பிறந்த நாளான சூலை 30, தமிழக அரசால் மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.