20 வருஷம் தாண்டி ஓடிய ஒரு ப்ராஜெக்ட்

2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாசங்கள் ஞாபகம் இருக்கா? எஸ்.பி.பி. சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் இருந்த அந்த வாரங்களில், மயிலாப்பூர் பாட்டிகள் முதல் நம்ம ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் வரை எல்லாரும் ஒரு புது வார்த்தையைக் கத்துக்கிட்டாங்க: எக்மோ. நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியே நின்று செய்கிற மெஷின். செப்டம்பர் 25 அன்று அவர் போய்விட்டார். வார்த்தை மட்டும் நம்மகிட்ட தங்கிவிட்டது. அந்த மெஷினோட வேரைத் தேடிப் போனால் நீங்க சந்திக்கப்போவது ஜான் கிப்பன் என்கிற அமெரிக்க சர்ஜனை.

1903-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பாவும் சர்ஜன். பையனுக்கோ எழுத்தாளர் ஆகணும்னு ஆசை. மெடிக்கல் காலேஜ் முதல் வருஷத்திலேயே படிப்பை விட்டுடலாம்னு பார்த்தார். டிகிரியை முடிச்சதால யாரோட எழுத்தும் கெட்டுப்போகாது என்று அப்பா புரியவைத்தார். நம்ம ஊர் அப்பாக்கள் தோத்தாங்க போங்க! 1927-ல் கிப்பன் டாக்டர் ஆனார்.

1930-ல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அங்கே பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்டது. அப்போது அந்தக் கட்டியை எடுக்கும் ஆபரேஷனில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. அதனால் கடைசி நிமிஷம் வரை காத்திருப்பார்கள். கிப்பனுக்குக் கொடுத்த வேலை, 15 நிமிஷத்துக்கு ஒருமுறை நாடியும் பிரஷரும் பார்த்துக் குறிப்பது. 17 மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அந்தப் பெண்ணின் ரத்தம் கறுத்துக்கொண்டே போனதைப் பார்த்தார். காலையில் ஆபரேஷன் நடந்தது, அவர் பிழைக்கவில்லை.

அந்த ராத்திரியில்தான் கிப்பனுக்கு யோசனை வந்தது. கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, கார்பன் டை ஆக்ஸைடை நீக்கி, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்பினால்? கவனிங்க, அவர் ஆரம்பித்தது இதயத்தை ஆபரேஷன் பண்ண இல்லை. மூச்சு திணறிச் சாகும் ஒருத்தரைக் காப்பாற்ற.

அதே லேபில் வேலை பார்த்த மேரி ஹாப்கின்சனை 1931-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டார். 1934-ல் இரண்டு பேரும் சேர்ந்து மெஷினைக் கட்ட ஆரம்பித்தார்கள். நாம ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் பொறுக்குகிற மாதிரிதான்: செகண்ட் ஹேண்ட் காற்று பம்ப், ரப்பர் குழாய், சுழலும் ஒரு உருளை. உருளையின் உள்பக்கம் ரத்தம் மெல்லிசாகப் பரவும், அங்கே வாயுக்கள் இடம் மாறும். சோதனைக்குப் பூனை வேணுமே? கிப்பன் ராத்திரியில் டூனா மீனும் சாக்குமாகத் தெருவில் இறங்கினார். 1935-ல் ஒரு பூனையின் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை முழுசாக அடைத்தும், மெஷின் அதை உயிரோடு வைத்திருந்தது. புருஷனும் பொண்டாட்டியும் லேபிலேயே ஆடினார்களாம்.

நடுவில் உலகப்போர் வந்தது, வேலை நின்றது. பிறகு ஜெஃபர்சன் மெடிக்கல் காலேஜில் ஐ.பி.எம். இன்ஜினியர்கள் கைகொடுத்தார்கள். உருளைக்குப் பதில் வரிசையாகக் கம்பிவலைத் திரைகள் வந்தன. 1952-ல் முதல் நோயாளி 15 மாதக் குழந்தை. இதயத்தில் ஓட்டை என்று நினைத்துத் திறந்தார்கள், கோளாறு வேறு இடத்தில் இருந்தது. குழந்தை இறந்தது. 1953 மே 6 அன்று 18 வயது மாணவி ஒருவர். 26 நிமிஷம் அவருடைய இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் மெஷினே செய்தது. ஓட்டையை மூடினார்கள், அவர் பிழைத்தார். உலகிலேயே முதல் முறை.

கதை இங்கே முடிந்தால் சுபம். அந்த ஜூலையில் இரண்டு சிறுமிகள் இதே மெஷினில் இறந்தார்கள். கிப்பன் ஒரு வருஷத்துக்கு எல்லாத்தையும் நிறுத்தினார். அதற்குப் பிறகும் அவர் அந்த மெஷினை வைத்து ஆபரேஷன் செய்யவே இல்லை. வரைபடங்களை மேயோ கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டார். அங்கே ஜான் கிர்க்லின் அதை மேம்படுத்தி 1955-ல் தொடங்கிய முதல் 8 ஆபரேஷன்களில் 4 பேர் பிழைத்தார்கள். நம்ம ஊருக்கு இது வந்தது 1960-களில். வேலூர் சி.எம்.சி.யில் ஆபரேஷன் செய்த டாக்டர் என். கோபிநாத், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

கிப்பன் தொடங்கிய நுரையீரல் பிரச்சனை என்ன ஆச்சு? ரத்தமும் ஆக்சிஜனும் நேரடியாக உரசினால் சில மணி நேரத்தில் ரத்தம் கெட்டுவிடும். நாள்கணக்கில் ஓட்ட நடுவே ஒரு சவ்வு வேணும். அதை சிலிகான் ரப்பரில் செய்தவர்களில் முக்கியமானவர் தியோடர் கோலோபோவ். 1970-களின் கடைசியில் அவரும் லூசியானோ கட்டினோனியும் இன்னொன்றைப் பிடித்தார்கள்: கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் எடுக்கணும்னா கொஞ்ச ரத்தமே போதும்.

ஏன்? 29சி பஸ்ஸை நினைச்சுக்கோங்க. மெஷினுக்கு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் சீட்டுகள் முக்கால்வாசி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். புதுசா ஆள் ஏற்ற நிறைய பஸ் வேணும். அதாவது நிமிஷத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தம் ஓடணும். கார்பன் டை ஆக்ஸைடோ படியில் தொங்கும் கூட்டம். ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 மில்லி இருக்கும், உடம்பு ஒரு நிமிஷத்தில் உண்டாக்குவது 200 முதல் 250 மில்லிதான். லஸ் கார்னரில் ஒரு பஸ் நின்றாலே தேவையானவர்கள் இறங்கிடுவாங்க. அப்போ வென்டிலேட்டரை மெதுவாக ஓட்டலாம், நுரையீரல் ஓய்வெடுக்கும்.

தியரி பிரமாதம். ஆனால் பிரிட்டனில் 400-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2021-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறியது, இறப்பு குறையவில்லை. மெஷின் வேலை செய்வதும் மனுஷன் பிழைப்பதும் ஒன்று இல்லை. 1953 ஜூலையிலேயே கிப்பனுக்கு இது புரிந்திருந்தது.

1973 பிப்ரவரி 5 அன்று டென்னிஸ் ஆடும்போது மாரடைப்பு வந்து அவர் இறந்தார். வயசு 69.

இந்த செமஸ்டரில் நம்ம மாடல் வைவாவில் ஒரு தடவை ஓடினால் கைதட்டு கிடைக்கும். கிப்பனின் மெஷினும் ஒரு தடவை ஓடியது, உலகமே பார்த்தது. அவர் எண்ணியது ஓடாத தடவைகளை. நாளைக்கு நாம செய்யும் ஒரு கருவியில் யாரோ ஒருத்தர் படுத்திருப்பார். அவருக்காக அந்தக் கணக்கை இப்பவே எண்ணப் பழகுவோமா?