மகாவித்துவான் பிள்ளையவர்களின் எளிமையும் ஈகையும்

பொருள் மிக்குடையார் அதிற் சிறிது பிறர்க்களித்தல் அரிய செயலன்று. தமக்கு வேண்டுவனவற்றைச் சுருக்கிக்கொண்டு எஞ்சியதைப் பிறர்க்காக்குதல் அரிது. எஞ்சுவது ஒன்றும் இல்லாத காலத்தும் நாடி வந்தவரை வெறுங்கையராய்ப் போக்காமை அதனினும் அரிது. இம் மூன்றாம் நிலையிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் திரிசிரபுரம் மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர்களது புலமை தமிழுலகம் நன்கறிந்ததொன்று. ஈண்டு யாம் கருதப் புகுந்தது அப்புலமையன்று. அவர்களது இல்லத்தின் வரவு செலவேயாம். புலவர் சரிதத்தில் வரவு செலவுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் ஐயுறற்க. ஒருவர் கற்ற நூற்பொருள் அவர் உள்ளத்திற் சென்று தங்கியதா, நாவளவில் நின்றதா என்பதைக் காட்டும் உரைகல் அதுவே.

பிள்ளையவர்கள் பவ வருடம் பங்குனி 26ஆம் நாள், அஃதாவது 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், திரிசிரபுரத்தை அடுத்த எண்ணெயூரில் அவதரித்தார்கள். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் மதுரை ஸ்ரீ மீனாட்சிசுந்தரேசர் திருக்கோயிலில் முத்திரைக் கணக்கு எழுதும் மரபினர். அத்தலத்து இறைவர் திருநாமமே குழந்தைக்கும் இடப்பட்டது. மதுரையை விட்டு நீங்கிய சிதம்பரம் பிள்ளை, சிற்றூர்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, ஊரார் மனமுவந்து அளிக்கும் நெல்லைக்கொண்டு குடும்பத்தை நடத்தினார். ஆகவே பிள்ளையவர்கள் பிறந்ததே ஓர் ஏழை ஆசிரியரது இல்லத்தில் என்க. பதினைந்தாம் வயதிலே தந்தையாரை இழந்தமையால் குடும்ப பாரம் முழுதும் அவ்விளந்தோள்களில் ஏறிற்று.

கற்கவேண்டும் என்னும் வேட்கையோ கரைகடந்து நின்றது. நூல்களை விலைகொடுத்து வாங்கப் பொருளில்லை. அக்காலத்தில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளாகவே வழங்கின. சுவடியுடையாரிடம் பணிந்து இரவல் பெற்று, தம் கையாலேயே ஏட்டில் எழுதிக்கொண்டு, உரிய நாளில் திருப்பிக் கொடுத்து வந்தார்கள். திரிசிரபுரத்திற் பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவராயிருந்தார்; எளிதிற் பாடஞ் சொல்லும் இயல்பினரல்லர். பிள்ளையவர்கள் அவர் ஐயமேற்கச் செல்லுந் தெருக்களிலெல்லாம் உடன் சென்று, அவருக்கு வேண்டும் பணிகளைச் செய்து, மனமிரங்கிய வேளைகளிலே சிறிது சிறிதாக அவ்வணி நூலைக் கேட்டு முடித்தார்கள். வறுமையிற் கற்றார் இருவகையர். தாம் பட்ட துன்பத்தை நினைந்து கல்வியை அடைத்துவைத்து விலை கூறுவார் ஒரு சாரார். அத்துன்பம் இன்னொருவர்க்கு வரலாகாதென்று வாயில் திறந்து வைப்பார் மற்றொரு சாரார். பிள்ளையவர்கள் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர்கள்.

இனி அவர்களது வருவாய் எத்தகையது என்பதை ஆராய்வோம். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளமென்பது அவர்களுக்கு இருந்ததில்லை. ஒரு தலத்து அன்பர்களோ அறநிலையத் தலைவர்களோ தங்கள் தலத்திற்குப் புராணம் செய்து தரவேண்டுமென்று விண்ணப்பிப்பார்கள். வடமொழித் தலமான்மியத்தைப் பொருளறிந்து கேட்டு, காப்பிய இலக்கணம் குறைவின்றி அமையச் செய்யுள் இயற்றவேண்டும். பின்னர் அத்திருக்கோயிலிலேயே பலநாள் இருந்து, பாட்டுத்தோறும் பொருள் விரித்து அரங்கேற்ற வேண்டும். நிறைவு நாளிற் பொன்னாடையும் பொருளும் வழங்கப்பெறும். அதுவே பல மாத உழைப்பிற்கு ஊதியம். அடுத்த ஊதியம் எப்போது வருமென்பது எவர்க்கும் தெரியாது. உறையூர்ப் புராணம், திருநாகைக் காரோணப் புராணம், மாயூரப் புராணம் முதலாக இருபதுக்கு மேற்பட்ட புராணங்களும், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிரபந்தங்கள் மிகப் பலவும் இவ்வாறு இடைவிடாது செய்து வந்தார்கள். திருவாவடுதுறை ஆதீனத்துப் பண்டார சந்நிதிகள் ஸ்ரீ அம்பலவாண தேசிகரவர்கள் மகாவித்துவான் என்னும் பட்டமளித்து ஆதீன வித்துவானாக ஆதரித்தார்கள். அவர்களுக்குப்பின் எழுந்தருளியிருந்த ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகரவர்களும் பிள்ளையவர்களைப் பெரிதும் போற்றினார்கள். எனினும், மழையை நோக்கியிருக்கும் வானம்பார்த்த நிலம் போன்றதே அவர்களது குடும்ப நிலை.

இத்தகைய வருவாயைக் கொண்டு அவர்கள் செய்த அறம் யாது? பாடங் கேட்க வந்தவரிடம் ஒரு காசும் பெறாது கற்பித்தார்கள். வறிய மாணாக்கர் பலர்க்கு இல்லத்திலேயே உணவும் அளித்தார்கள். விடியற்காலை முதல் இரவு வரையில் ஒருவர்க்கு இலக்கணம், ஒருவர்க்குப் புராணம், மற்றொருவர்க்குப் பிரபந்தம் எனப் பாடம் நடைபெறும். இடையிடையே தாம் இயற்றும் நூலின் செய்யுட்களைச் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதிவருவார். நாடோறும் சிவபூசை செய்யும் சைவ சீலராகிய அவர்கள், பாடங் கேட்பார் எச்சமயத்தார், எக்குலத்தார் என்று நோக்கியதில்லை. கிறிஸ்தவராகிய முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்களிடம் அன்பு பூண்டொழுகினார். அச்சமயத்தவரான சவேரிநாத பிள்ளை உடனுறைந்து தொண்டு செய்தார். இசுலாமியராகிய நாகூர்க் குலாம்காதிறு நாவலரும் அவர்களிடம் பாடங் கேட்டார். தியாகராச செட்டியார் அவர்களிடம் கற்றே கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராய் விளங்கினார்.

பொருளினும் அரிய கொடையொன்றும் அவர்கள் செய்ததுண்டு. பெங்களூரிற் செல்வராய் வாழ்ந்த வல்லூர்த் தேவராச பிள்ளை என்பார் அவர்களைத் தம்மூர்க்கு அழைத்துப் பாடங் கேட்டுப் பொருளுதவியும் செய்தார். அம்மாணாக்கர் பெயரால் வழங்கிய குசேலோபாக்கியானமும் சூதசங்கிதையும் பிள்ளையவர்களே இயற்றியவை. நண்பனிடம் ஒன்றும் கேட்க நாவெழாது நின்ற வறிய குசேலர் சரிதத்தைப் பாடியவர் அதனைத் தமதென்று சொல்லிக்கொள்ளாது பிறர்க்கு ஈந்துவிட்டார்! பொருளை ஈவார்க்கு எனது என்னும் பற்று ஒருவாறு தளரக்கூடும். இதனைச் செய்தேன் யானே என்னும் செருக்கு எளிதில் தளராது. புலவர்க்கோ அஃது உயிரோடு ஒட்டியது. அதனையும் உதறினார்கள் என்றால் அவர்களது உள்ளப்பான்மையை என்னென்பது!

தம்பொருட்டு அவர்கள் கொண்ட செலவு மிகச் சிறிது. உடையில் ஆடம்பரமில்லை, பேச்சிலும் ஆரவாரமில்லை. அவர்கள் மாயூரத்தில் வாழ்ந்த காலத்தில், 1871ஆம் ஆண்டு, உத்தமதானபுரம் சாமிநாதையர் மாணாக்கராய் வந்து சேர்ந்தார். அவர் பிற்காலத்து 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ஆசிரியர் சரித்திரத்தாலேயே பிள்ளையவர்களது வாழ்க்கையை நாம் விரிவாக அறிகின்றோம். எண்ணெய் முதலிய சிறு பண்டங்களும் இல்லாது முட்டுப்பட்ட நாட்கள் அவ்வில்லத்தில் உண்டு. அப்போதும் பிள்ளையவர்கள் எவரையும் முனியாது செய்யுள் சொல்லவோ பாடம் நடத்தவோ தொடங்கிவிடுவார்கள். சாமிநாதையர் வந்து சேர்ந்த புதிதில் அவரது உணவுச் செலவை ஏற்க ஆசிரியரால் இயலவில்லை. ஏழையாகிய தந்தையாரே அரும்பாடுபட்டு அதற்கு வழி தேடினார். பின்பு திருவாவடுதுறையில் இருந்த காலத்தில் மடத்தின் ஆதரவு கிட்டிற்று. இல்லாததை உண்டென்று சொல்லி ஏமாற்றாமையும் கொடையாளர்க்கு வேண்டும் குணங்களுள் ஒன்றாம்.

இவ்வளவு சுருங்க வாழ்ந்தும் கடன் அவர்களை விட்டு நீங்கவில்லை. ஒரு புராண அரங்கேற்றத்தில் வந்த பொருள் முன்னைக் கடனுக்குச் செல்லும். அடுத்த மாதச் செலவிற்குப் புதுக்கடன் பிறக்கும். 1873ஆம் ஆண்டையொட்டித் திருப்பெருந்துறைப் புராணத்தை இயற்றி அரங்கேற்றச் சென்றதும் இக்கடன் நீங்க ஒரு வழி பிறக்குமென்னும் எண்ணத்தோடேயாம். அறுபதை அணுகிய முதுமையில் மாணாக்கரோடு வண்டியேறி ஊர் ஊராகச் சென்ற அந்நிலையை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் உருகுகின்றது. திருப்பெருந்துறையிற் பெற்ற பொருளும் அவர்களை முற்றக் கடனற்றவராக்கவில்லை.

சில ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. 1876ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள், யுவ வருடம் தை மாதத்தில், திருவாவடுதுறையிலே பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அவ்வேளையிற் சவேரிநாத பிள்ளை அவர்களைத் தாங்கியிருந்தார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்கும்படி அவர்கள் குறிப்பித்தருளச் சாமிநாதையர் வாசித்தார். பிறவியெல்லாம் பிறர்க்கு அடைக்கலமாய் நின்றவர் தாம் அடைக்கலம் புகுந்த இடம் அது.

ஈண்டு ஒரு வினா எழும். கடன்பட்டும் பிறர்க்கு உதவுதல் முறையாகுமா? மனைவியும் மகனும் கடனாளரை எதிர்கொள்ளும்படி விடுதல் இல்லறத்திற்கு இழுக்கன்றோ? இவ்வினாவைப் புறக்கணித்துப் புகழ்மொழி மட்டும் கூறிச் செல்லுதல் அப்பெரியார்க்கு நாம் செய்யும் வழிபாடாகாது. கடன் நல்லதென்று எந்நூலும் கூறாது, யாமும் கூறோம். அக்குடும்பம் பட்ட அல்லலை எண்ணுங்கால் வருந்தாதிருக்கவும் இயலாது. ஆயினும் அக்கடன் எதனால் வந்தது என்று நோக்குதல் வேண்டும். போகத்தால் வந்ததன்று, களியாட்டால் வந்ததன்று. கற்க வந்த ஏழைப் பிள்ளைகள் உண்ட சோற்றால் வந்தது. அச்சோறு இடவேண்டிய கடமை நாட்டிற் செல்வர் பலர்க்கும் பொதுவாயிருந்தது. அவர்கள் புராணம் கேட்டுத் தலையசைத்து, ஒருநாட் பரிசளித்து, அவ்வளவில் தங்கள் கடமை தீர்ந்ததென்று இருந்தார்கள். பலர் தாங்கவேண்டிய பாரத்தை ஒருவர் தாங்கினார். பலர் கணக்கில் எழுதவேண்டிய பற்று அவர் ஒருவர் கணக்கில் ஏறிற்று. ஆகவே அது பிள்ளையவர்கள் பட்ட கடனன்று. தமிழ்நாடு அவர்களுக்குப் பட்ட கடனென்றே யாம் கொள்வோம்.

அச்சோற்றின் பயனையும் சிறிது கணக்கிடுவோம். அவர்களிடம் ஐந்தாண்டளவே கற்ற சாமிநாதையர் 1880இல் தியாகராச செட்டியாரது முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் அமர்ந்தார். சீவக சிந்தாமணியை 1887இலும், பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் அச்சேற்றி உதவினார். ஓர் ஆசிரியர் வறுமையிற் பகிர்ந்த கல்வி ஒரு மாணாக்கர் வாயிலாகவே இத்துணைப் பயன் தந்ததென்றால், அவர்களிடம் கற்ற ஏனையோர் வாயிலாக விளைந்த பயனை யார் அளந்து கூறவல்லார்?

உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களை அளிப்பவன் இறைவன் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அளித்தவன் அவனாயின், நம் கையில் உள்ளது நமதன்று. அவன் அடியார்க்கும் எளியார்க்கும் உரியதை நாம் சிலகாலம் தாங்கி நிற்கின்றோம். இதனைச் சொல்லால் விளக்குவார் பலர்; உண்கலத்திலும் உடையிலும் விளக்கியவர்கள் பிள்ளையவர்கள். ஆதீனங்களிலும் கழகங்களிலும் நூல் கற்பிக்கும் ஒருவர், மாணாக்கர்க்கு உணவிட்டு அதனால் தாம் முட்டுப்படுவாராயின், அவரது கணக்கை விசாரித்துத் தீர்த்தல் அவரைச் சூழ்ந்தார் கடன். அரங்கேற்ற நாளிற் போர்த்தும் பொன்னாடையினும், மறுமாதம் அவ்வாசிரியர் இல்லத்திற்குச் சேரும் ஒரு மூட்டை நெல் சிறந்த சிவபுண்ணியமாம். பிள்ளையவர்கள் திருநாமத்தை ஓதும் நாம் இதனை மறவாதிருத்தலே அவர்களுக்குச் செலுத்தத்தக்க காணிக்கை.

திருச்சிற்றம்பலம்.