கன்னியாகுமரி டு காஷ்மீர் ரைடு போறீங்களா? பனிமலையில் டாங்கியை ஏற்றிய திம்மையாவைத் தெரிஞ்சுக்கோங்க!

கன்னியாகுமரியில் பைக்கை ஸ்டார்ட் பண்ணி காஷ்மீர் வரைக்கும் போய் வரணும்ங்கிறது நாஞ்சில் நாட்டுப் பசங்க பலரோட பக்கெட் லிஸ்ட்டில் இருக்கிற விஷயம். நம்ம ஊரில் முடியுற தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடிச்சா, சுமார் 3,700 கி.மீ தாண்டி ஸ்ரீநகர். அங்கிருந்து லடாக் பக்கம் இன்னும் 100 கி.மீ போனால் சோஜிலா கணவாய். உயரம் 11,500 அடிக்கு மேல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், நடுவில் பனி உருகி ஓடும் சேற்றுச் சாலை.

ஆரல்வாய்மொழிக் காற்று பைக்கைத் தள்ளும்போது எப்படிச் சமாளிக்கணும்னு நமக்குத் தெரியும். ஆனி, ஆடிச் சாரலில் வழுக்கும் ரோடும் பழக்கம்தான். ஆனால், கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடக்கிற ரோடு? அது நமக்குச் சிலபஸிலேயே இல்லை. அந்தச் சோஜிலாவில் 1948-ல், ரோடே இல்லாத இடத்தில் டாங்கிகளை ஏற்றிக்காட்டினார் ஒரு மனிதர். அது நடந்த தேதி நவம்பர் 1. சரியாக எட்டு வருஷம் கழித்து, 1956-ல் அதே நவம்பர் 1-ம் தேதிதான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது.

குடகிலிருந்து குன்னூர் வழியாக...

கோடந்தேரா சுப்பய்யா திம்மையா, 1906 மார்ச் 31-ல் குடகு மடிக்கேரியில் பிறந்தவர். காபித் தோட்டக் குடும்பம். சின்ன வயசில் படித்தது நம்ம குன்னூரில், செயின்ட் ஜோசப் பள்ளியில். பிறகு பெங்களூரு, டேராடூன், கடைசியில் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி. 1926-ல் அதிகாரி ஆனார். வெள்ளைக்கார அதிகாரிகள் நிறைந்த ராணுவத்தில் இந்திய அதிகாரிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த காலம் அது.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவின் அரக்கான் காடுகளில் ஜப்பானியப் படையோடு மோதினார். போர்க்களத்தில் ஒரு பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்தியர் என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. காடு, சேறு, மழை எல்லாம் பார்த்தாச்சு. அடுத்து அவருக்குக் காத்திருந்தது பனி.

லே தனித்துப்போன கோடை

1948-ல் காஷ்மீர் போர். அங்கிருந்த டிவிஷனின் பொறுப்பு மேஜர் ஜெனரல் திம்மையாவிடம் வந்தது. லடாக்கின் லே நகரம் எந்த நேரமும் விழலாம் என்ற நிலை. மே 24-ம் தேதி, விமானப்படை அதிகாரி மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானத்தில் திம்மையாவே ஏறி உட்கார்ந்தார். பத்தாயிரம் அடிக்கும் மேலே, அவசரமாகப் போட்ட மண் ஓடுதளத்தில் அந்த விமானம் இறங்கியது. அதற்குமுன் அங்கே விமானம் இறங்கியதில்லை. படைகளை இறக்க வழி திறந்தது.

ஆனாலும் விமானத்தை மட்டும் நம்பி ஒரு ஊரையே எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? அந்தக் கோடையில் சோஜிலா எதிரிகள் கைக்குப் போய்விட்டது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதை அடைபட்டது. செப்டம்பரில் காலாட்படை நடத்திய தாக்குதல் தோற்றது. மலை உச்சியில் இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவனை, கீழேயிருந்து ஏறி விரட்டுவது அவ்வளவு லேசில்லை. குளிர்காலம் வந்தால் கணவாய் பனியில் மூடிவிடும். அதற்குள் வழி திறக்கவில்லை என்றால், அடுத்த கோடையில் மீட்பதற்கு லே கையில் இருக்குமா என்பதே கேள்வி.

ரோடு போட்ட 'தம்பிகள்'

அப்போதுதான் டாங்கியை மேலே கொண்டுபோகலாம் என்ற முடிவை திம்மையா எடுத்தார். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். ஒரு ஸ்டூவர்ட் டாங்கியின் எடை சுமார் 15 டன். பால்தாலிலிருந்து மேலே போவதோ கோவேறு கழுதைகள் நடக்கும் ஒற்றையடிப் பாதை.

இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள். ராணுவத்தில் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படை, மேஜர் தங்கராஜு தலைமையில் அந்தப் பாதையை வெட்டி அகலப்படுத்தியது. பனியையே பார்த்திராத தென்னாட்டுப் பையன்கள் பலர், எதிரியின் குண்டுகளுக்கு நடுவே, உறையும் குளிரில் பாறையை உடைத்தார்கள். வெறும் கழுதைப் பாதை டாங்கி ஏறும் சாலையாக மாறியது.

இன்னொரு பக்கம், 7-வது கேவல்ரியின் டாங்கிகள் ஜம்மு பகுதியிலிருந்து ரகசியமாகக் கிளம்பின. வழியில் இருந்த பலவீனமான பாலங்கள் தாங்கவும், பார்ப்பவர்களுக்கு டாங்கி என்று தெரியாமலிருக்கவும், மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுகளைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோனார்கள்.

அக்டோபரில் நடக்கவேண்டிய தாக்குதல், பனிப்பொழிவால் தள்ளிப்போனது. நாள் கடந்தால் ஆபத்து என்று தெரிந்தும், வானிலை இடம் தரும்வரை காத்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. டிவிஷன் தளபதி பின்னால் கூடாரத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுவதுதான் வழக்கம். திம்மையா முதல் டாங்கியில் ஏறிப் போனார். வழுக்கிக் கவிழ்ந்தால் முதலில் சாவது தளபதிதான் என்று தெரிந்தபின், பின்னால் வந்த ஓட்டுநர்களுக்கு வேறு தைரியம் எதற்கு?

இவ்வளவு உயரத்தில் டாங்கியை எதிரிகள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. அன்றே சோஜிலா கைக்கு வந்தது. நவம்பர் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் மீண்டன. லேவுக்கான வழி திறந்தது.

அதற்குப் பிறகு

கொரியப் போருக்குப் பின், ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த பன்னாட்டு ஆணையத்துக்கு அவரே தலைவர். 1957-ல் ராணுவத் தலைமைத் தளபதி. 1959-ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு முரண்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்தார். நேரு கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். நாடாளுமன்றத்தில் அதற்காக விமர்சனமும் வாங்கினார். 1961-ல் ஓய்வு. 1964-ல் சைப்ரஸில் ஐ.நா அமைதிப்படைத் தளபதி ஆனார். அங்கேயே 1965 டிசம்பர் 18-ல் மாரடைப்பால் இறந்தார். அந்தச் சின்னத் தீவு நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ரைடு போறவங்களுக்கு...

இன்று சோஜிலாவில் பனியை அகற்றி வழிவிடுவது எல்லைச் சாலைகள் அமைப்பு. கணவாய்க்கு அடியில் நீண்ட சுரங்கப்பாதை வேலையும் நடக்கிறது. அது முடியும்வரை மேலே ஏறித்தான் ஆகணும். அதனால் சில விஷயங்களை மனசில் வெச்சுக்கோங்க.

* கணவாய் மூடியிருக்குன்னு சொன்னால், காத்திருங்க. லீவு முடியப்போகுதுன்னு அவசரப்படாதீங்க. போரின் நடுவிலேயே காத்திருந்திருக்காங்க.
* வெயில் படாத வளைவுகளில், அதிகாலையில், ரோடு வெறும் ஈரம் மாதிரி தெரியும். அது மெல்லிய பனிக்கட்டியாக இருக்கலாம். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும்.
* பனிக்கட்டியில் சட்டுனு பிரேக் பிடிச்சா சக்கரம் நின்னுடும், வண்டி நிக்காது. சின்ன கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவா விட்டு, இன்ஜின் இழுவையில் வேகத்தைக் குறைக்கணும்.
* முன்னால் போற வண்டியோட இடைவெளியை நம்ம ஊர் ரோட்டில் விடுறதைவிடப் பல மடங்கு விடணும்.
* கார், வேனுக்குச் சக்கரச் சங்கிலி அவசியம். பைக்குக்கு ரெண்டே சக்கரம்தான். ரோடு உறைஞ்சு கிடந்தா அன்னைக்கு ரைடை நிறுத்துறதுதான் புத்திசாலித்தனம்.

சோஜிலாவைத் தாண்டும்போது கொஞ்சம் வண்டியை ஓரம்கட்ட முடிஞ்சா, கீழே பால்தால் பக்கம் ஒரு பார்வை பாருங்க. அந்தச் சரிவில் முதன்முதலா ரோடு வெட்டினது நம்ம பக்கத்துத் தம்பிகள்தான்.