பஞ்சமர் பள்ளி கண்ட கர்னல் ஆல்காட்

கல்விக் கதவு நம் மக்களுக்கு அடைபட்டுக் கிடந்த காலத்தில், அதனைத் திறக்க முனைந்த பெருமக்களுள் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் ஒருவராவார். அவர் 1832ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். வேளாண்மை ஆய்வு, இதழியல், படைப்பணி, வழக்கறிஞர் தொழில் எனப் பல துறைகளில் பணியாற்றினார். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1880இல் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அங்குப் பௌத்தப் பள்ளிகள் எழத் துணைநின்றார். 1882 இறுதியில் சென்னை அடையாற்றில் குடியேறினார்.

பொதுப் பள்ளிகளில் நம் சிறுவர் கால் வைப்பதே அன்று அரிதாயிருந்தது. நாம் வாழும் பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நிலத்தை அடுத்துத் தேவைப்பட்டது எழுத்தறிவு. 1894இல் ஆல்காட் அடையாற்றுக்கு அருகே முதல் இலவசப் பஞ்சமர் பள்ளியைத் திறந்தார். தாமோதர் பள்ளி, திருவள்ளுவர் பள்ளி முதலாக ஐந்து பள்ளிகள் அவர் காலத்திலேயே எழுந்தன.

அப்பள்ளிகளில் மதம் புகட்டப்படவில்லை. மனப்பாடம் ஒன்றையே நம்பாமல், பொருள்களைக் கையில் கொடுத்துக் காட்டிக் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை அங்குப் புகுத்தப்பட்டது. பஞ்சமர் பள்ளியொன்றின் தலைமையாசிரியரான பி. கிருஷ்ணசாமியும் பண்டிதர் அயோத்திதாசரும் 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினர். ஆல்காட் 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகிறது.

அம்முறை இன்றைய வகுப்பறைக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே நம் கருத்து. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டாலும் விளையாட்டாலும் பொருள்களாலும் கற்பிக்கச் சொல்கிறது. புளியங்கொட்டையை எண்ணிக் கூட்டல் கற்ற குழந்தை, கரும்பலகைக் கணக்கைக் கண்டு மிரளாது. தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வரும் பெற்றோரால் வீட்டில் பாடம் சொல்லித்தர இயலாது. அத்தகைய குழந்தைக்கு வகுப்பறையில் கிடைப்பதே முழுக் கல்வி. அங்கே அது வெறும் ஒப்பித்தலாகிவிட்டால் ஈடு செய்ய வேறு இடமில்லை.

ஒன்றை மறைத்தல் ஆகாது. ஆல்காட் பள்ளிகள் தொடக்கக் கல்வியளவில் நின்றவை. அவர் இட்டது முதற்படி. கல்லூரி வரை ஏறுவது நம் கடன். ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை எழுத்துக் கூட்டித் தடுமாறுமாயின், மேற்படிகள் அதற்கு எட்டாதவையே.

வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், படித்த இளைஞர் ஒவ்வொருவரும் மாலையில் ஒரு மணி நேரம் தம் தெருப் பிள்ளைகள் நால்வரை அமர்த்தி வாசிக்கச் செய்வாராக. அதுவே ஆல்காட்டுக்கும், அவரோடு உழைத்த நம் முன்னோர்க்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.